வெளிச்சம் இல்லாத சாம்பல் பெட்டி

மார்ச் 3, திங்கள்

எட்டு மணிக்கே பயிற்சிக்காரப் பெண் வந்துவிட்டாள். வீட்டுக்காரியின் இடது கையை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னாள். கட்டைவிரல் மடங்கியது. ஆள்காட்டி விரல் யோசித்தது. மற்ற மூன்றும் சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகள் மாதிரி கிடந்தன. பக்கவாதம் வந்து இது ஏழாவது வாரம். கால் தேறிவிட்டது. வாய்க்கு ஒன்றுமே ஆகவில்லை. முன்பைவிடக் கூர்மை.

பெண் ஒரு மெத்தென்ற பந்தைக் கொடுத்து, "தினம் நூறு தடவை அமுக்குங்கம்மா" என்றாள்.

"பந்து கவ்வ நான் என்ன நாய்க்குட்டியா?" என்றாள் இவள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, "விளையாட்டுப் பெட்டி இருந்தா விரல் தன்னால ஓடும்" என்றாள்.

"என்ன பெட்டிம்மா?"

"கைல பிடிச்சு விளையாடுவாங்களே, வீடியோ கேம். இவர் அதுக்குத்தான் கடை வெச்சிருந்தார். எனக்கும் ஒண்ணு இருந்துச்சு."

பெண் துள்ளிவிட்டாள். அதைவிட நல்ல பயிற்சி கிடையாதாம். விரலுக்கு வேலை, கண்ணுக்கு வேலை, மூளைக்கும் வேலை.

"என்னங்க, பரண்ல அந்த அட்டைப்பெட்டி இருக்கில்ல?"

இருக்கிறது என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இது இரண்டாவது பொய்யாக இருந்திருக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

இந்த நோட்டை அவள் பார்க்கமாட்டாள். கேட்டால்கூடப் பார்க்கமாட்டாள். கடையை மூடிய பிறகு, எனக்கு அறுபத்துநாலு வயதில், சாப்பாட்டு மேசையில் வைத்து எழுத்து சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அதுவரை எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கையெழுத்து என்றால் ஒரு கோடும் ஒரு சுழியும். ஒரு வருடம் கழித்து முழு வரி எழுதினேன். "இனிமே உங்க நோட்டு உங்களுக்கு. ஒத்தைக் கொம்பு ரெட்டைக் கொம்பு மட்டும் சரியாப் போடுங்க, மானத்தை வாங்காதீங்க" என்று சொல்லி ஒதுங்கிவிட்டாள்.

எழுத்து அவள் கொடுத்தது. அதில் அவளுக்குத் தெரியாததை எழுதுவது, இரவல் வாங்கிய கத்தியால் கொடுத்தவர் வீட்டுச் சுவரைத் துளைப்பது போல இருக்கிறது.

மார்ச் 5, புதன்

அட்டைப்பெட்டியை இறக்கினேன். தூசியில் பத்துத் தும்மல்.

படிக்கத் தெரியாதவனுக்கு ஞாபகம்தான் பேரேடு. ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடையை வைத்தே சொல்வேன். எல்லாவற்றுக்கும் கடையில் நான் வைத்த பெயர்கள்தான்.

முதலில், எல்லாவற்றுக்கும் முன்னால், ஒற்றை விளையாட்டுப் பெட்டிகள் வந்தன. வாங்கினால் ஆயுசுக்கும் அந்த ஒரே விளையாட்டு. பிறகு வந்தது சாம்பல். கேசட்டை மாற்றி மாற்றிச் செருகலாம். கண்ணாடி பாசி பிடித்த குளத்து நிறம். வர்ணமில்லை, வெளிச்சமில்லை. பகலில் ஜன்னல் ஓரம், ராத்திரியில் விளக்குக்கு நேர்கீழே, அவ்வளவுதான். ஆனால் நாலு பேட்டரி போட்டால் நாள்கணக்கில் ஓடும். மாடிப்படியில் உருண்டாலும் சாகாது.

அதற்குப் போட்டியாகக் கறுப்பன் வந்தான். வர்ணமென்றால் அப்படி ஒரு வர்ணம், உள்ளுக்குள்ளேயே விளக்கு. நான் மயங்கிப்போனேன். "சாம்பல் கதை முடிஞ்சுது. இனிமே இதுதான்" என்றேன். இருபது வாங்கி அடுக்கினேன். வீட்டுக்காரி ஒன்றைக் கையில் எடுத்து, தூக்கிப் பார்த்து, முதுகில் இருந்த மூடியைத் திறந்தாள். ஆறு பேட்டரி. மூன்று மணி நேரத்தில் ஏப்பம் விட்டுப் படுத்துக்கொள்ளும்.

"யானை வாங்கறவன் தீனிக்கும் வழி பார்க்கணும்" என்றாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. கறுப்பன் அலமாரியில் வெயில் காய்ந்தான், சாம்பல் ஊரெல்லாம் போனது. நான் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்து வாங்கினேன். அவள் எவ்வளவு நேரம் தாங்கும், கைக்கு எப்படி உட்காரும் என்று பார்த்தாள். பெட்டி விஷயத்தில் மட்டுமில்லை.

மார்ச் 8, சனி

பயிற்சிக்காரப் பெண் முன்னால் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தோம்.

கறுப்பனைத் தூக்கவே முடியவில்லை. "இது பெட்டியா, செங்கல்லா?" என்று கேட்டாள் பெண். ஒல்லி: சாம்பலின் தம்பி, பாதி உடம்பு. இடது கைப்பிடியில் நிற்காமல் வழுக்குகிறது. மடக்கு: மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி மூடித் திறக்கும், உள்ளே விளக்கு, செருகி மின்னேற்றினால் போதும், பேட்டரி வாங்கும் வேலை இல்லை. வந்த நாளில் அதைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள், அந்த 'டிக்' சத்தத்துக்காக. இவள் விரலுக்கு அது மிகச் சிறியது. இரட்டைக் கண்ணாடி: கீழ்க் கண்ணாடியைக் குச்சியால் தொடலாம். தொட்டாள், நன்றாகவே தொட்டாள், ஆனால் வலது கையால். "அந்தக் கை சும்மாவே வேலை செய்யுதேம்மா" என்று பெண் வாங்கி வைத்துவிட்டாள். தட்டு: உள்ளே சின்னத் தட்டு சுழலும், சினிமா பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் அவள் முகம்தான் தெரிந்தது. "தலை வாராம உட்கார்ந்திருக்கேனே, சொல்லக் கூடாது?" என்றாள்.

கடைசியில் சாம்பல். கை தானாகப் போய் உட்கார்ந்தது. கட்டைவிரல் அந்தச் சிலுவை பட்டனைத் தேடிப் பிடித்தது. ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்புரை விழுந்த கண், வெளிச்சம் இல்லாத கண்ணாடி.

"எல்லாம் புதுசு மாதிரியே இருக்கே, விளையாடவே இல்லையா?" என்று பெண் கேட்டாள்.

"இவர் வாங்கி வாங்கிக் குடுப்பார். எனக்கு அப்புறம் மனசு வரலை."

நான் பேட்டரி மூடிகளை மாட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

மகனும் மருமகளும் வந்தார்கள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறான். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மேசைமேல் பெட்டிகள் பரப்பிக் கிடந்தன.

"ஐயையோ, ரப்பர் வந்துட்டான்! எடுத்து உள்ள வைங்க!" என்று கத்தினாள் அம்மா.

அவன் வாசலிலேயே ரெண்டு கையையும் தூக்கி, "தொடலைம்மா, தொடலை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன்தான் முதலில் சிரித்தான்.

இந்த நாடகம் இருபத்தேழு வருடமாக நடக்கிறது. அவனுக்குப் பன்னிரண்டு வயதில் அவன் சித்தி வைத்த பெயர், எழுதினதை அழிக்கும் ரப்பர். அம்மாவின் விளையாட்டை அழித்தவன். பள்ளிக்கூடம் வரை போயிற்று அந்தப் பெயர். கல்யாணத்தில் அவன் கூட்டாளிகள் ஒரு டஜன் ரப்பரைக் காகிதத்தில் சுற்றிப் பரிசு கொடுத்தார்கள். மருமகளே, கோபம் வந்தால், "மிஸ்டர் ரப்பர்" என்கிறாள்.

மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் சிரித்துவிடுகிறவன், அடி எங்கிருந்து வரும் என்று தெரிந்து வைத்திருக்கிறவன்.

அவன் அழிக்கவில்லை. நான் அழித்தேன்.

எழுதிவிட்டேன். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை, எங்கேயாவது.

மார்ச் 12, புதன்

எழுதினதை நாலு தடவை படித்தேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

முழுவதையும் எழுதிவிடுகிறேன். ஒரு நூல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

சாம்பலுக்கு ஒரு தோட்ட விளையாட்டு வந்தது. பாழடைந்த நிலம் ஒன்றைக் கொடுப்பார்கள். கல் பொறுக்கி, களை பிடுங்கி, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, மாடு வாங்கி மேலே வரவேண்டும். துப்பாக்கி சுடும் விளையாட்டுகளுக்கு நடுவில் இது என்ன விளையாட்டு, விற்குமா என்று நான் கேட்டேன். வீட்டுக்காரி ஒன்றை எடுத்துக்கொண்டாள். கடையில் உட்கார்ந்து, வாடிக்கை இல்லாத நேரமெல்லாம் தோட்டம். ரெண்டரை வருடம். பதினோரு மாடு, நாற்பது கோழி, சுற்றிலும் வேலி. வேலிக்குள் அவளே வரிசை பிரித்து நட்ட பூச்செடி. "வெளிய எனக்கு ஒரு தொட்டிச் செடி வைக்க இடம் இல்லை, இங்க பாருங்க" என்று காட்டுவாள். நான் பார்த்ததாகத் தலையாட்டுவேன்.

அந்தக் கேசட்டுக்குள் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி உண்டு. அதுதான் நாம் விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருப்பது. அதனால் பழைய கேசட் விற்கும்போது கடையில் ஒரு வழக்கம், 'ஞாபகம் பார்ப்பது' என்போம். கேசட்டைச் செருகி, முதலிலிருந்து ஆரம்பித்து, பெயர் போட்டு, நாலு அடி நடந்து, பழையதன் மேலேயே சேமித்து, அணைத்து, பத்து எண்ணி மறுபடி போடவேண்டும். ஆள் இருந்தால் பேட்டரிக்கு உயிர் இருக்கிறது. வாங்குகிறவர் கண்முன்னால் செய்யவேண்டும்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது வீட்டில் அவளுக்கும் மகனுக்கும் மட்டும் தெரியும். கடையில் நான் 'பெட்டி டாக்டர்'. கேசட்டைப் படத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வேன். யாராவது சீட்டு நீட்டினால், "கண்ணாடி வீட்ல இருக்கு, நீங்களே படிங்க" என்பேன். திரையில் வரும் எழுத்தெல்லாம் எனக்கு இடம்தான், மேலே இருந்தால் இது, கீழே இருந்தால் அது.

அன்று சனிக்கிழமை. காலையில் அதே தோட்டக் கேசட் ஒன்று மாற்றுக்கு வந்து, தட்டில் கிடந்தது. இவள் தன்னுடையதைக் கழற்றி, அதன் செப்புப் பல்லைத் துடைத்து, அதே தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போனாள். பின்பக்கம் நீல மையில் தன் பெயரை எழுதியிருந்தாள். ஒருவர் வந்து தோட்டக் கேசட் கேட்டார். ரெண்டில் ஒன்றை எடுத்தேன். பின்னால் எழுத்து இருந்ததைப் பார்த்தேன். பழைய கேசட் எல்லாவற்றிலும் யாராவது ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும். செருகி, ஞாபகம் பார்த்தேன். "பாருங்க, உயிரோட இருக்கு" என்றேன். அவர் நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டோடு வந்தாள். கேசட்டைச் செருகினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். கல்லும் களையும். நடுவில் ஒரு ஆள் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க தொட்டீங்களா?"

கடையில் அப்போது ரெண்டு பேர் நின்றிருந்தார்கள், என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறவர்கள். நான்தான் என்றால், பெயர் எழுதியிருந்ததே, பார்க்கவில்லையா என்பாள். அதற்கு நான் என்ன சொல்வேன்?

"நான் காலைலேர்ந்து அந்தத் தட்டுப் பக்கமே போகலை" என்றேன்.

அதற்கு முன் நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. அதனால் நம்பினாள். மகன் மூலையில் ஒரு பழைய பெட்டியின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

அவனை அவள் அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

நான் வாடிக்கையாளருக்கு மீதிச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

அந்தக் கேசட்டும் அட்டைப்பெட்டியில்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். நீல மை பழுப்பாகியிருக்கிறது. எழுத்துக் கூட்டவே தேவைப்படவில்லை. ஒரே பார்வையில் படித்துவிட்டேன். அவள் பெயர். அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு வரியும் இருக்கிறது: விற்பனைக்கு அல்ல.

அடப் பாவி. எனக்காகத்தானே எழுதியிருக்கிறாள் அதை. கடைக்காரனுக்குத்தானே. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அந்த ஒரு நிமிஷம் மறந்துட்டா.

மார்ச் 23, ஞாயிறு

மருமகள் தன்னுடைய பெட்டியைக் கொண்டுவந்தாள். தினமும் ரயிலில் போய்வரும்போது விளையாடுவாளாம். வீட்டில் அவன் கண்ணில் படாமல் பைக்குள்ளேயே வைத்திருப்பாளாம். "அவருக்கு இதைப் பார்த்தாலே ஒரு மாதிரி ஆயிடும் மாமா, எழுந்து போயிடுவார்."

புதுப் பெட்டி எல்லோருக்கும் எல்லாமாக இருக்கிறது. பெரிய திரை, வேண்டுகிற அளவு வெளிச்சம், கம்பி இல்லாமலே இன்னொருவரோடு சேர்ந்து ஆடலாம், வீட்டு டிவியில் போட்டுப் பெரிதாகப் பார்க்கலாம். கைப்பிடி ரெண்டும் தனித்தனியாகக் கழன்று வரும். நாங்கள் அந்தக் காலத்தில் ஒன்று இருந்தால் ஒன்று இல்லை என்று சண்டை போட்டதெல்லாம் இதற்குள் சமாதானமாகக் குடியிருக்கிறது.

இடது கைப்பிடியைக் கழற்றி இவள் உள்ளங்கையில் வைத்தாள். மூன்று விரல் மடங்கிப் பிடித்தது.

"அத்தை, அந்தப் பழைய தோட்டத்தையே புதுசாப் போட்டு விட்டிருக்காங்க. இறக்கித் தரட்டுமா?"

வீட்டுக்காரி கைப்பிடியை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். பிறகு, "அவன் இல்லாத நாளா பார்த்து வா" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். மகன் பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது கேட்கிற தூரம்தான்.

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் அவள் கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னிக்குத் தோட்டத்தை அழிச்சது அவன் இல்லை. நான்."

என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, என் தலையைத் தடவினாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு அவனுக்காகப் பழி ஏத்துக்கறீங்களாக்கும். நான் ரப்பர்னு கூப்பிடறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க."

"இல்லம்மா, நிஜமாவே..."

"நீங்க பொய் சொன்னா எனக்குத் தெரியாதா? காது சிவந்துடும். இப்பக்கூடச் சிவந்திருக்கு பாருங்க."

உண்மை சொல்லும்போதும் சிவக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

மார்ச் 30, ஞாயிறு

மகனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு கீழே நடக்கப் போனேன். சொன்னேன்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். தோளில் கை போட்டான். "விடுங்கப்பா. நான்தான் செஞ்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"என்ன ஞாபகம்?"

"ராத்திரி, போர்வைக்குள்ள. அம்மா தூங்கிட்டிருந்தாங்க. முகத்துல திரை வெளிச்சம். அந்த மாடெல்லாம் தெரிஞ்சுது. என்னதான் ஆகும்னு அமுக்கினேன், எல்லாம் போயிடுச்சு. அந்தப் பயம் இன்னும் போகலைப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா கால்ல விழுந்து அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்குத் தெரியாது."

எனக்குக் கால் நின்றுவிட்டது.

"டேய். அந்தத் தோட்டம் அன்னிக்கு ஓடினது சாம்பல்லதான். சாம்பல்ல ஏதுடா வெளிச்சம்?"

அவன் நடந்துகொண்டே இருந்தான். நாலு அடி போய்த்தான் நின்றான்.

"போர்வைக்குள்ள சாம்பலைப் போட்டா ஒண்ணுமே தெரியாது. இருட்டுதான். வெளிச்சத்தோட நீ பார்த்தது மடக்கு. அது வரும்போது உனக்குப் பதினெட்டு வயசு."

திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை எழுத எனக்கு எழுத்து போதாது. சொந்த வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே வேறு யாரோ குடியிருப்பது மாதிரி.

மேலே போய், மருமகளைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

செய்யாததைச் செய்ததாகச் சொல்லிச் சொல்லி, அவனுக்குள் ஒரு ராத்திரியையே கட்டிவிட்டோம். போர்வை, பயம், வெளிச்சம் எல்லாம் வைத்து. அதற்கு முதல் செங்கல் வைத்தவன் நான்.

ஏப்ரல் 2, புதன்

அவன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

ஏப்ரல் 5, சனி

மருமகள் மட்டும் வந்தாள். தோட்டத்தை இறக்கிக் கொடுத்து, பெட்டியையும் விட்டுவிட்டுப் போனாள். அவரா, வேலைக்குப் போறார் வர்றார், பேசறதில்லை என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் வீட்டுக்காரி பெட்டியைப் போட்டாள். அதே பாழ் நிலம், இப்போது வர்ணத்தில். அவள் முகத்தில் இருபத்தேழு வருடம் கழித்து அந்தப் பழைய பார்வை வந்தது. உதட்டை மடித்துக்கொள்வாள். முதலில் பெயர் கேட்டது. எழுத்துக் கட்டத்துக்குள் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டும். இடது கட்டைவிரல் அதற்குள் களைத்துவிட்டது.

"இந்தாங்க, பேரைப் போட்டுக் குடுங்க. பேரு இல்லாம மேல போக விடாது."

வாங்கினேன். எனக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும், அந்த இங்கிலீஷ் எழுத்து இன்னும் தெரியாது. கைக்குத் தெரிந்தது ஒன்றுதான், கடையில் ஆயிரம் தடவை செய்தது. கட்டம் முதல் எழுத்தில் நிற்கும். நகர்த்தாமல் நாலு தடவை அமுக்கு. முடி. யோசிக்கவே இல்லை. அமுக்கிக் கொடுத்தேன்.

அவள் திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நாலு ஏ" என்றாள்.

"ம்?"

"அன்னிக்கும் என் பேரு இருந்த இடத்துல நாலு ஏதான் இருந்துச்சு. இவனுக்குத் தன் பேரை எழுதத் தெரியுமே, ஏன் இப்படிப் போட்டிருக்கான்னு அன்னிக்கே நினைச்சேன். நினைச்சுட்டு விட்டுட்டேன்."

பெட்டியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"உங்க கைதானே?"

"என் கைதான்."

ஏப்ரல் 7, திங்கள்

பேசவில்லை.

ஏப்ரல் 9, புதன்

பேசவில்லை. பயிற்சிக்காரப் பெண்ணிடம் மட்டும் பேசுகிறாள். பெண் என்னைப் பார்த்து, "சண்டையா ஐயா?" என்றாள். "இல்லை, கணக்கு வழக்குப் பார்க்கறோம்" என்றாள் இவள்.

ஏப்ரல் 11, வெள்ளி

சாப்பிடும்போது சொன்னாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"தோட்டம் போனா போகுது. கல்லு பொறுக்கினா மறுபடி வந்திருக்கும். படிக்கத் தெரியலை, மாத்தி எடுத்துட்டேன்னு அன்னிக்கு ராத்திரி சொல்லியிருந்தா, பத்து நிமிஷம் திட்டியிருப்பேன். அவ்வளவுதான். அடுத்த நாளே எழுத்துச் சொல்லிக் குடுத்திருப்பேன். நாற்பத்துநாலு வயசுலயே படிச்சிருப்பீங்க."

நான் தலையைத் தூக்கவில்லை.

"ஆனா உங்க பொய்யை என் கையால அடிக்க வெச்சீங்க பாருங்க, என் வாயால அவனைக் கூப்பிட வெச்சீங்க பாருங்க. தினம் தினம். சிரிச்சுக்கிட்டே. அதுல எனக்கும் பங்கு ஆயிடுச்சே. அதை யாரு கழிக்கிறது?"

மன்னிப்பு என்ற சொல்லை எழுதத் தெரியும். அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், மூன்று சுழி 'ண' போட்டு எழுதி அடி வாங்கிய சொல். சொல்லிப் பார்த்தேன்.

"என்கிட்ட எதுக்கு?" என்றாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவளே மகனுக்குப் போன் செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம். என்ன பேசினாள் என்று தெரியாது. வெளியே வரும்போது புடவைத் தலைப்பு நனைந்திருந்தது. போனை வைப்பதற்கு முன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், நாங்கள் வைத்த பெயரை. அது மட்டும் கதவு தாண்டிக் கேட்டது. வாய்க்குப் பழக்கம் விட்டுப்போய், முதல் எழுத்தில் தடுக்கியது.

ஏப்ரல் 16, புதன்

தோட்டத்தில் கல் பொறுக்குகிறாள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம். நாலாவது விரலும் வர ஆரம்பித்திருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார அனுமதி உண்டு. பெட்டியைத் தொட அனுமதி இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாலை நாலு மணிக்கு மகன் போன். எனக்கு. வேலையிலிருந்து பேசினான். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தான். பின்னால் சக்கரம் சுற்றும் சத்தம்.

எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை.

"அப்பா, எனக்கு அந்தப் போர்வைதான் இன்னும் வருது. பொய்னு தெரியுது, ஆனாலும் அதான் வருது. கடைல நடந்தது ஒண்ணுமே வரலை. நான் ஏதாவது சொன்னேனா அன்னிக்கு? இல்லை, வாங்கிக்கிட்டுச் சும்மா நின்னேனா?"

"சொன்னே."

"என்ன சொன்னேன்? அப்படியே சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே."

சொன்னேன். மூன்று தடவை சொன்னாய். முதல் தடவை, அம்மா கேட்டதும், திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டே, "நான் இல்லம்மா." ரெண்டாவது, அடி விழுந்த பிறகு. அழவில்லை நீ. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் காலைலேர்ந்து இந்த மூலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை, வேணும்னா எண்ணிப் பாருங்க, முப்பத்திரண்டு திருகாணி கழட்டியிருக்கேன்" என்றாய். எண்ணியிருந்தால் சரியாக இருந்திருக்கும். உன் முன்னால் மூடியில் முப்பத்திரண்டு கிடந்தன. நான் எண்ணினேன்.

"மூணாவது?"

மூன்றையுமே இந்த நோட்டில் எழுதாமல் விட்டேன், இந்த மூன்றாவதற்காகத்தான்.

அது அம்மாவிடம் சொன்னதில்லை. ராத்திரி கடை மூடும்போது, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன், நீ குனிந்து வெளியே வந்தாய். யாருக்கும் கேட்காமல் என்னிடம் சொன்னாய். "அப்பா, நான் இல்லைப்பா. நீங்களாவது அம்மாகிட்ட சொல்லுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'விடுடா, சின்ன விஷயம்'னு சொன்னேன்."

சக்கரம் சுற்றி நின்றது. எங்கேயோ ஒரு மாடியில் கதவு திறந்து மூடியது. போனை வைத்துவிட்டான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு கேட்டது.

"அப்ப நான் சொல்லியிருக்கேன்" என்றான்.

"சொல்லியிருக்கே."

"மூணு தடவை."

"மூணு தடவை."

அவன் மறுபடி பேசியபோது குரல் வேறாக இருந்தது. மன்னித்த குரல் இல்லை, அது எனக்குத் தெரியும்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. முதல்லேர்ந்து. மெதுவா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். முதலிலிருந்து சொன்னேன்.